சீனரி வீடு

ஜூலை 9, ஞாயிறு

வத்தலக்குண்டில் பஸ் மாறி, தாண்டிக்குடிக்குச் சற்று முன்பே இறங்கினேன். தூறல். காப்பித் தோட்டத்தின் நடுவே ஜீப் போகிற பாதை. ஒரு வளைவு திரும்பியதும் என் வீடு நின்றது.

என் வீடு என்றால் நான் வரைந்த வீடு. 2009ஆம் வருடத் தினசரி காலண்டருக்குப் போட்ட சீனரி. சிவப்பு ஓட்டுச் சரிவு, வெள்ளை மரவேலி, வளைவில் ஏறிய ரோஜா, வாசலுக்குப் போகும் கல் பாதை, இடது பக்கம் சின்னக் குளம், அதன் மேல் மரப்பாலம். இப்படி ஒரு வீட்டை நான் எங்கும் பார்த்தது கிடையாது. சிவகாசி வெயிலில், ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து மனதில் தோன்றியபடி போட்டது.

வீட்டுக்காரம்மா சுலோச்சனா குடையோடு வாசலில் நின்றார். ஐம்பத்தைந்து வயது இருக்கலாம்.

“நீங்கதான் வரைஞ்சவரா? இன்னும் வயசானவரா இருப்பீங்கன்னு நெனச்சேன் சார்.”

“தலைக்கு மை பூசியிருக்கேன்மா.”

அந்த வருடத் தேதித் தாளெல்லாம் கிழித்து முடிந்த பிறகு, படத்தை மட்டும் கண்ணாடி போட்டு மாட்டி வைத்து, அதைப் பார்த்துப் பார்த்தே வீட்டைக் கட்டினாராம். கட்டி நாலு வருடம் ஆகிறது. உள்ளே திரைச்சீலையில் அவரே தைத்த ரோஜாப் பூக்கள். பால் கேனில், சாப்பாட்டு மேஜையில், கதவின் கைப்பிடி ஓரத்தில்கூடக் கையால் வரைந்த பூக்கள். படத்தில் புகைபோக்கியில் புகை வருகிறது என்பதற்காகத் தினமும் காலையில் அடுப்பில் பச்சைக் குச்சி வைத்துப் புகைய விடுகிறார். கேஸ் அடுப்பு தனியே இருக்கிறது.

“படத்துல இருக்கிற அன்னத்துக்கு எங்க போக? வாத்து வாங்கி விட்டேன். ஒண்ணே ஒண்ணுதான் சார் ஆகல. வீட்டு நிழலு இடது பக்கம் விழுது, மரத்து நிழலு வலது பக்கம் விழுது. அத எப்படிச் செய்யிறதுன்னு கொத்தனாருக்கும் தெரியல.”

“அது சூரியன் பண்ணுன தப்பு” என்றேன். சிரித்தார்.

காலண்டர் மூலையில் இருந்த அச்சகத்தின் பெயரைப் பிடித்து, போன் மேல் போன் போட்டு என்னை வரவழைத்தவர் இவர்தான். முதலாளிக்கும் அது தோதாகப் போயிற்று. “அதே வீட்டையே எத்தனை வருசத்துக்குப் போடுவீரு தவசி? போயி நெசமான வீடு, நெசமான தோட்டம் பாத்துட்டு வாரும். ஆல்பத்துக்குப் புதுசா ஆறு சீனரி வேணும்” என்றார். ஆடிப் பதினெட்டு அன்றுதான் சிவகாசியில் அடுத்த வருடக் காலண்டர் மாதிரிகள் அடங்கிய ஆல்பம் வெளிவரும். அதற்குள் ஆறு.

முன்னறையைக் கொடுத்திருக்கிறார்கள். நல்ல வடக்கு வெளிச்சம்.

ஜூலை 10, திங்கள்

என்னை வரவழைத்த காரணம் இன்று தெரிந்தது. காப்பி கொடுத்துவிட்டு, சுவரில் இருந்த படத்தைக் கழற்றி என் மடியில் வைத்தார்.

“இது யாரு சார்?”

கூரை முக்கோணத்தின் கீழே சின்னதாக ஒரு மேல் ஜன்னல். அதில் விரல் நகத்தில் பாதி அளவுக்கு ஒரு மங்கல்.

“யாருமில்லம்மா. அச்சுல விழுந்த மைக்கறை. வேகமா ஓடுற மெஷின்ல அப்படி விழும்.”

“மைக்கறை நாடியில கை வச்சுக்கிட்டு கீழ பாக்குமா?”

கண்ணாடி போட்டுப் பார்த்தேன். அப்படித்தான் தெரிந்தது. ஆனால் நான் மனிதர்களை வரைவதில்லை. வீடு, வானம், தண்ணீர், மலை. முப்பது வருடமாக அவ்வளவுதான். அதைச் சொன்னேன்.

அவர் மெதுவாக, ஏற்கனவே பலரிடம் சொல்லிப் பழகியவர் மாதிரி சொன்னார். அந்த ஜன்னலுக்குப் பின்னால் அறை கிடையாது. ஓட்டுக்கும் மச்சுக்கும் நடுவில் உள்ள பரண். நடைக்கு மேலே ஒரு பலகைக் கதவு, ஏணி வைத்துத்தான் ஏற வேண்டும். படத்தில் இருக்கிறதே என்று சட்டமும் கண்ணாடியும் பொருத்தினார்கள். பொருத்திய வாரத்தில் இருந்து அங்கே யாரோ இருக்கிறார்கள். பங்குனியில் ஒரு நாள் மத்தியானம், அவர் கணவர் கோவர்த்தனன் வெளிக்கதவைத் திறந்துகொண்டு வரும்போது முகத்தை நேருக்கு நேர் பார்த்துவிட்டார். அன்றைக்கே வத்தலக்குண்டு வீட்டுக்குப் போனவர் திரும்பி ஏறவில்லை. வீட்டை விற்க ஆள் பார்த்துவிட்டார். ஆடி கழிந்து ஆவணியில் பத்திரம்.

“இத நான் ஒவ்வொரு செங்கலா பாத்துக் கட்டுனது சார். விட மாட்டேன். படத்துல இருந்ததெல்லாம் வந்துச்சு, அதுவும் வந்துச்சு. நீங்க திருப்பி வரையுங்க, அந்த ஜன்னல் காலியா இருக்கட்டும். அது போயிரும். அவரும் வந்துருவாரு.”

“அது மைக்கறைம்மா.”

“அப்ப உங்களுக்கு என்ன கஷ்டம், அழிக்கிறதுல?”

சரி என்றேன்.

ஜூலை 11, செவ்வாய்

மழை. பென்சில் கோடு மட்டும் போட்டேன்.

ஜூலை 13, வியாழன்

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. பிரஷ்ஷைத் தண்ணீர் டம்ளரிலேயே போட்டுவிட்டு எழுந்து போய்விடுவேன். முடி வளைந்துவிடும். நேற்றும் அப்படித்தான் போட்டேன். இன்று காலையில் மூன்று பிரஷ்ஷும் துணியின் மேல் படுக்க வைக்கப்பட்டிருந்தன. கழுவி, முனை ஊசி மாதிரி கூராக்கியிருந்தது. உதட்டில் வைத்து இழுத்தால்தான் அந்தக் கூர் வரும்.

தோட்ட வேலை செய்யும் வெள்ளத்தாய் எடுத்து வைத்திருக்க வேண்டும். கேட்டேன்.

“நான் வீட்டுக்குள்ளயே வர்றதில்லீங்கய்யா. தண்ணி வேணும்னாலும் வெளிக் குழாய்லதான்.”

“ஏன்?”

“எனக்கு இருக்கிற சோலியே போதும்” என்று மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

பதினோரு மணிவாக்கில் மேலே சத்தம் கேட்டது. டிக், டிக், டிக். நின்று, மறுபடியும். சுலோச்சனா அடுக்களையில் இருந்து வந்து என் முகத்தைப் பார்த்தார்.

“கேட்டுச்சா? காப்பி ஆத்துற மாதிரி, டம்ளர்ல ஸ்பூன் போட்டு ஆட்டுற மாதிரி. மொதல்ல பாவம்னு சோறெல்லாம் வச்சேன். தொடல. தண்ணி வச்சேன். மறுநாள் டம்ளர்ல தண்ணி மஞ்சளா இருந்துச்சு. பயந்துட்டேன். அப்புறம் வைக்கல.”

அது ஸ்பூன் சத்தம் இல்லை. பிரஷ்ஷைக் கழுவி டம்ளர் விளிம்பில் தட்டுகிற சத்தம். இதை அவரிடம் சொல்லவில்லை. சொல்வதால் ஒன்றும் ஆகப் போவதில்லை.

ஜூலை 16, ஞாயிறு

அச்சகத்தில் சீனிராஜுக்கு போன் செய்தேன். இருபது வருடமாக மேனேஜர். விடுமுறை என்று முனகினாலும் போய் இரும்பு பீரோவைத் திறந்தான். பழைய ஒரிஜினல் படங்களெல்லாம் அதில்தான் இருக்கின்றன. காத்திருந்தேன்.

“எடுத்துட்டேன் அண்ணாச்சி. தூசி. தும்மிக்கிடுதேன், இருங்க.”

“மேல் ஜன்னலப் பாரு.”

“பாத்தேன்.”

“அதுல கறை ஏதும் இருக்கா?”

போர்டை வெளிச்சத்துக்குக் கொண்டுபோகிற செருப்புச் சத்தம் கேட்டது.

“கறையில்ல அண்ணாச்சி. ஒரு பொம்பள உக்காந்திருக்கா. நாடியில கை. கையில பிரஷ்ஷு இருக்கு.” பிறகு, “நம்ம மதினி மாதிரி இருக்கு. தப்பா நெனைக்காதீங்க.”

வைத்துவிட்டேன்.

செல்வக்கனி என் மனைவி. இந்த நாட்குறிப்பில் எல்லாம் முறையாக எழுதுகிறேன் என்பதால் இதையும் எழுதுகிறேன். ஒரே மேஜையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து வேலை பார்த்தோம். நான் வீடு, வானம், தண்ணீர் முடித்து போர்டைத் திருப்பி அவள் பக்கம் தள்ளுவேன். தோட்டம் அவளுடையது. பூ, கொடி, புல், வேலியோரக் களை எல்லாம் அவள். சிவப்பைத் தனியாக விட்டால் கத்தும், பக்கத்தில் ஒரு வெள்ளை வை என்பாள். மஞ்சள் வைக்கும்போது மட்டும் பிரஷ்ஷை நாக்கில் தொட்டுக் கூராக்குவாள். கீழுதடு எப்போதும் மஞ்சளாக இருக்கும்.

2009 காலண்டருக்கான படத்தை ஆஸ்பத்திரியில்தான் முடித்தாள். முதுகுக்குத் தலையணை வைத்து, போர்டை மடியில் வைத்து. நான் அதைத் துணியில் சுற்றி அச்சகத்தில் கொடுத்துவிட்டுத் திரும்பினேன். ஆவணியில் போய்விட்டாள்.

படத்தை அதன் பிறகு நான் கிட்ட வைத்துப் பார்த்ததில்லை.

ஜூலை 17, திங்கள்

ஆடி ஒன்று. சுலோச்சனாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. வானம் முடிந்தது.

ஜூலை 20, வியாழன்

வீடு, குளம், பாலம் முடிந்துவிட்டன. நிழல்கள் இரண்டையும் ஒரே பக்கம் விழ வைத்தேன். ஜன்னல்களில் கீழே உள்ள நான்கும் முடிந்தன. மேல் ஜன்னலைக் கட்டம் மட்டும் போட்டு வெள்ளையாக விட்டிருக்கிறேன். தோட்டமும் வெள்ளையாகத்தான் இருக்கிறது. எனக்குப் பூ வராது. இந்தப் பதினைந்து வருடமாக அச்சகத்தில் யாராவது ஒரு பையன் போட்டுக் கொடுக்கிறான்.

சுலோச்சனா எட்டிப் பார்த்துவிட்டு, “மொதல்ல அந்த ஜன்னல முடிச்சிருங்களேன்” என்றார். கடைசியில்தான் ஜன்னல் வைப்பது வழக்கம் என்றேன். அப்படி ஒரு வழக்கம் கிடையாது.

ஜூலை 23, ஞாயிறு

இன்று தோட்டத்தைப் பார்த்துப் படித்துக்கொள்ளலாம் என்று வெளியே உட்கார்ந்தேன். மூடுபனி விலகியும் மூடியும் விளையாடியது. வாசலில் இருந்து வேலிவரை ஒவ்வொரு பாத்தியாகப் பென்சிலில் குறித்துக்கொண்டே போனேன். டேலியா, ஜெரேனியம், சாமந்தி, பெயர் தெரியாத நீலக் கொத்து ஒன்று. பாதி தூரம் போன பிறகுதான் கவனித்தேன். ஒவ்வொரு சிவப்புக்குப் பக்கத்திலும் ஒரு வெள்ளை இருந்தது. தவறாமல்.

வெள்ளத்தாய் களை பிடுங்கிக்கொண்டிருந்தாள்.

“நீ நட்டதா?”

“செவப்பு நான் நட்டது. வெள்ள நான் நடல.”

“அம்மாவா?”

“அம்மா படத்தப் பாத்து நடுவாங்க. இது அவுங்களுக்கே தெரியாது. காலையில வந்தா ஒண்ணு ரெண்டு கூட இருக்கும். நல்லாத்தான இருக்குன்னு நான் தண்ணி ஊத்துறேன்.” இடுப்பில் கை வைத்து நிமிர்ந்து, “வேல தெரிஞ்ச கைங்கய்யா அது. வேரு ஆடாம வச்சிருக்கு” என்றாள்.

ஜூலை 24, திங்கள்

வரையவில்லை.

ஜூலை 27, வியாழன்

காலையில் போர்டைப் பார்த்தபோது தோட்டத்தில் பாதி முடிந்திருந்தது. வேலி ஓரம், கல் பாதையின் இரு பக்கம், ரோஜா வளைவு. நல்ல வேலை. அவசரப்படாத வேலை.

நேற்று காய்ச்சல் மாதிரி இருந்தது, மாத்திரை போட்டுக்கொண்டு உட்கார்ந்து போட்டிருக்கிறேன் போலும். நான்தான் போட்டிருக்க வேண்டும். அறையில் வேறு யாரும் இல்லை.

மஞ்சள் பாட்டில் திறந்திருந்தது. மூடி வைத்தேன்.

ஜூலை 29, சனி

கோவர்த்தனன் போன் செய்தார் என்று சுலோச்சனா காலையில் வந்து உட்கார்ந்தார். வாங்குகிறவர் அடுத்த வாரம் வந்து பார்க்கப் போகிறாராம். சுலோச்சனாவின் கண் சிவந்திருந்தது.

“என்னதான் சார் பிரச்சினை? தோட்டமெல்லாம் போட்டுட்டீங்க. ஒரு இக்கினியூண்டு ஜன்னலு. கறுப்பத் தொட்டு ஒரு இழு இழுத்தா முடிஞ்சது.”

தொட்டேன். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கறுப்பைத் தொட்டு ஜன்னல்வரை கொண்டுபோனேன். கை இறங்கவில்லை. பிரஷ்ஷில் இருந்த கறுப்பு காய்ந்துபோகும்வரை அப்படியே இருந்தேன்.

“ஜன்னல் காலியா இருந்தா போதுமா உங்களுக்கு?” என்றேன்.

“போதும்.”

“தோட்டத்துல இருந்தா பரவாயில்லையா?”

“தோட்டத்துலன்னா?”

“பாத்தி ஓரமா. உள்ள வர மாட்டா. அவ வேல உண்டு, அவ உண்டு.”

சுலோச்சனா என்னைப் பார்த்தபடி இருந்தார். “அண்ணே, யாருன்னு தெரிஞ்சேதான பேசுறீங்க?” அதுவரைக்கும் சார் என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

நான் சொல்லவில்லை. அவரும் மறுபடி கேட்கவில்லை. எழுந்து போகும்போது, “வீட்டுக்குள்ள இல்லேன்னா அவருக்குப் போதும். தோட்டத்துக்கு ஒரு ஆளு கூடன்னா எனக்கும் நல்லதுதான்” என்றார். விளையாட்டாகச் சொன்னாரா என்று தெரியவில்லை.

பிற்பகலில் வாழ்க்கையில் முதல் தடவையாக ஓர் ஆளை வரைந்தேன். ரோஜா வளைவுக்கு அடியில், குனிந்து, பாத்தியில் கை வைத்து. முகம் எனக்கு வராது என்பதால் முதுகு தெரிகிற மாதிரி. பிறகு மேல் ஜன்னலில் கறுப்பு. கண்ணாடி என்று தெரிய மூலையில் ஒரு துளி வெள்ளை.

இந்தத் தடவை கை இறங்கியது.

ஜூலை 31, திங்கள்

சுலோச்சனா போனில் படம் எடுத்து சீனிராஜுக்கு அனுப்பினார். பத்து நிமிடத்தில் அவன் கூப்பிட்டான்.

“முதலாளிக்குத் தோட்டம் ரொம்பப் பிடிச்சுப் போச்சு அண்ணாச்சி. இந்த மாதிரி தோட்டம் நீங்க போட்டு எத்தன வருசமாச்சுங்காரு. அந்த ஆளு மட்டும் வேணாமாம். சீனரியில ஆளு இருந்தா விக்காதுங்காரு.”

“எடுக்க முடியாது.”

“நீங்க எடுக்க வேணாம். இங்க கம்ப்யூட்டர்ல எடுத்திருவோம். ஒரு நிமிச வேல.”

“சீனி, இந்தப் படத்த நான் தரல. அவர்ட்ட சொல்லிரு.”

“என்ன அண்ணாச்சி இது. சரி, மத்த அஞ்சையாவது கொண்டாங்க. ரெண்டாந் தேதி கெளம்பிருவீங்கல்ல?”

மற்ற ஐந்தை இன்னும் தொடவே இல்லை என்பதை அவனிடம் சொல்லவில்லை.

படத்தைச் சுலோச்சனாவிடம் கொடுத்தேன். பழையதைக் கழற்றிவிட்டு அதே ஆணியில் மாட்டினார்.

ஆகஸ்ட் 1, செவ்வாய்

மேலே சத்தம் இல்லை. காலை முழுவதும் காது கொடுத்து இருந்தோம், ஆளுக்கு ஒரு நாற்காலியில். பதினோரு மணி தாண்டியது. வாத்துகளின் சத்தம் மட்டும்.

வெள்ளத்தாய் வந்து, தான் தண்ணீர் விடுவதற்கு முன்னாலேயே பாத்தியெல்லாம் நனைந்திருந்ததாகச் சொன்னாள். மழை பெய்யவில்லை. சுலோச்சனா அவளுக்குக் காப்பி கொடுத்தார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

பிறகு சுலோச்சனா வத்தலக்குண்டில் இருக்கும் கணவருக்கு போன் போட்டார். “மேல ஒண்ணும் இல்லைங்க. நெசமாத்தான் சொல்றேன். வாங்குற ஆளு வர்றதுக்கு முன்னாடி நீங்க ஒரு தடவ வந்து பாருங்க. வாசல்ல நின்னு அண்ணாந்து பாருங்க. அப்பவும் பிடிக்கலேன்னா வித்துருங்க, நான் ஒரு வார்த்த பேச மாட்டேன்.”

வியாழக்கிழமை வருவதாக ஒப்புக்கொண்டார். சுலோச்சனா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கேசரி கிளறப் போனார்.

ஆகஸ்ட் 2, புதன்

சிவகாசி பஸ்ஸுக்குப் போகவில்லை. கோவர்த்தனன் வந்து போகும்வரை இருங்கள் என்று சுலோச்சனா கேட்டுக்கொண்டார். கேட்காவிட்டாலும் இருந்திருப்பேன்.

ஆகஸ்ட் 3, வியாழன்

ஆடிப் பதினெட்டு. இதைப் பரணில் இருந்து எழுதுகிறேன்.

கோவர்த்தனன் வருவதற்குள் பரணில் பழைய டம்ளர், தட்டு ஏதும் கிடந்தால் எடுத்துவிடுங்கள் என்று சுலோச்சனா காலையில் ஏணி வைத்துக் கொடுத்தார். டம்ளர் ஒன்று கிடந்தது. கீழே கொடுத்தேன். எல்லா இடத்திலும் விரல் கனத்துக்குத் தூசி. ஜன்னலுக்கு முன்னால் மட்டும், ஓர் ஆள் சம்மணமிட்டு உட்காரும் அளவுக்குச் சுத்தமாக இருந்தது. கண்ணாடி உள்பக்கம் துடைத்திருந்தது. குனிந்தே நிற்க வேண்டியிருந்ததால் அந்த இடத்தில் உட்கார்ந்தேன்.

தோட்டத்தைக் கீழே இருந்து பார்த்ததெல்லாம் பார்த்ததே இல்லை. வரிசை என்று நான் பென்சிலில் குறித்ததெல்லாம் வரிசையே அல்ல. வேலியில் இருந்து நிறம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறி, நீலம் மடங்கி, வெள்ளை இடைவெளி விட்டு, இந்த ஜன்னலை நோக்கி வருகிறது. இங்கே உட்கார்ந்திருக்கும் ஒருவர் பார்ப்பதற்காகத்தான் அத்தனையும். நாலு வருடமாக இங்கே இருந்து பார்த்து, அளந்து, நட்டிருக்கிறாள். நான் வர வேண்டிய இடம் எது என்றும் தெரிந்திருக்கிறது.

வெளிக்கதவுக்கு அருகே ஒரே ஒரு பாத்தி மட்டும் வெறும் மண்ணாக இருந்தது. வெள்ளத்தாய் இன்று வரவில்லை, ஊரில் பண்டிகை.

பத்தரை மணிக்குக் கார் வந்தது. கோவர்த்தனன் இறங்கினார். பருத்த மனிதர், கையில் பூவும் பழமும் கொண்ட ஒரு பை. கதவைத் திறந்தார். சுலோச்சனா படியில் நின்றிருந்தார். மனைவி போனில் சொன்னபடியே கோவர்த்தனன் வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தார்.

நான் பின்னால் நகர்ந்திருக்கலாம். யோசனை வரவில்லை. பை கீழே விழுந்தது. பூவும் ஆரஞ்சுப் பழங்களும் கல் பாதையில் உருண்டன. அவர் காரில் ஏறி, பின்னோக்கியே ஓட்டிக்கொண்டு வளைவுவரை போனார். போனில் கூப்பிட்டால் எடுக்கவில்லையாம்.

சுலோச்சனா ஏணிக்கு அடியில் வந்து நின்றார்.

“அண்ணே, இறங்கி வாங்க. காரு வளைவுலதான் நிக்குது. நீங்கதான் மேல இருந்ததுன்னு ஒரு வார்த்த நேர்ல சொன்னா போதும். வந்துருவாரு.”

சரி என்றேன்.

சற்று நேரம் கழித்து மறுபடியும் வந்தார். “அண்ணே, காரு கெளம்பப் போகுது. உங்க கால்ல விழறேன். என் வீடுண்ணே.”

இதோ என்றேன். சொன்னது உண்மைதான், இறங்கத்தான் நினைத்தேன். அதற்குள் கீழே அந்த வெறும் பாத்தியில் ஒரு சிவப்பு வந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் மண் விலகி, மெதுவாக, வேர் ஆடாமல், ஒரு வெள்ளை நின்றது.

வளைவில் காரின் சத்தம் எழுந்து, மலையில் இறங்கி, இப்போது கேட்கவில்லை. சுலோச்சனா மூன்றாவது தடவை கூப்பிடவில்லை. ஏணியை எடுத்துவிட்டார் போலிருக்கிறது. நடையில் மரம் உரசுகிற சத்தம் கேட்டது.

பாத்தியில் இன்னும் பாதி இடம் இருக்கிறது. அவள் வேலை செய்யும்போது நான் நடுவில் எழுந்து போனதில்லை.